கிள்ளான் வேலைநிறுத்தமும் 69எஃப் பிரிவும்: மலேசியாவில் பணியிடப் பாகுபாட்டுச் சட்டங்களின் வரலாறு

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் நடத்திய வேலைநிறுத்தம் பெரும்பாலும் கூலிப் போராட்டமாகவே எழுதப்பட்டு வருகிறது. கோரிக்கைப் பட்டியலை முழுவதும் படிப்போர்க்கு வேறொன்றும் புலப்படும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, தமிழ் அறிந்த தோட்ட அலுவலர், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் மேலதிகாரிகள் முறைகேடாக நடப்பதற்கு முடிவு ஆகியவற்றோடு, துரைமார் எதிர்ப்படுகையில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் அதில் கேட்கப்பட்டது. இறுதியாகக் கூறியது காசு தொடர்பானதன்று. இனத்தின் பெயரால் பணியிடத்தில் இழிவுபடுத்தலாகாது என்று பிற்காலச் சட்டநூலார் எழுதியதை அத்தொழிலாளர் அன்றே கேட்டிருந்தனர். தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படையினரைக் கொண்டு போராட்டம் ஒடுக்கப்பட்டது.

1957ஆம் ஆண்டு அரசமைப்பின் 8ஆம் உறுப்பு சமயம், இனம், மரபுவழி, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் பாகுபாடு காட்டுவதை விலக்கிற்று. 2001இல் பாலினமும் சேர்க்கப்பட்டது. ஆயினும் அவ்வுறுப்பு தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்துமா என்னும் வினா நீடித்தது. கருவுற்றதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் விடை கூறியது: அரசமைப்பு தரும் காப்பு அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் எதிரானதே; கூட்டு ஒப்பந்தம் ‘சட்டம்’ ஆகாது. கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்னும் விதி அவ்வொப்பந்தத்திலேயே இருந்தது. தொழிற்சங்கமும் அதில் ஒரு தரப்பு என்பதை ஆய்வாளர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் நியாயமற்ற பணிநீக்கத்திற்குப் பரிகாரம் தந்ததெனினும், அது வேலை போனபின் நாடுவது.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் 2023 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன் 69எஃப் பிரிவின்படி, பாகுபாடு பற்றிய தகராற்றைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை தண்டம் விதிக்கலாம். தனியார் துறையை நோக்கி வைத்த இவ்வடி சிறிதன்று. ஆனால் பாகுபாடு இன்னதென்று சட்டம் வரையறுக்கவில்லை. மேலும், பிரிவு பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறு. வேலைக்கு விண்ணப்பித்தவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், பெயரைக் கண்டே ஒதுக்கப்பட்டாலும் இப்பிரிவின்கீழ் முறையிட இயலாது. வேலை விளம்பரத்திலேயே இனத்தைக் குறித்து ஆள் தேடப்படும்போதும் நிலை இதுவே.