அதுவா, அவனா? – எந்திரனும் சேலம், நாமக்கல் சமவெளியின் பார்வையாளரும்

திரைப்படத்தின் வரலாற்றை நம்மிடையே இரு சாரார் எழுதுகின்றனர். ஒரு சாரார் வசூல் கணக்கை எழுதுவர். மறு சாரார் விமரிசனம் எழுதுவர். காட்சி முடிந்து வெளியேறும் கூட்டம் வண்டி நிறுத்துமிடத்திலும் தேநீர்க்கடை வாசலிலும் பேசிச் செல்வதை எழுதிவைப்பார் இலர். 2010 அக்டோபர் 1ஆம் நாள் ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ வெளியானபோதும் இதுவே நிகழ்ந்தது. சிற்றூர்ப் பார்வையாளருக்கு அறிவியல் புனைவு எட்டாது. அவர்கள் ரஜினிகாந்துக்காகவும் கணினி வரைகலையின் வித்தைக்காகவும் மட்டுமே கூடினர் என்றொரு கருத்து அந்நாளில் தாராளமாகப் புழங்கியது. அக்கருத்தை நாம் ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதற்கில்லை.

நாம் கல்லூரிப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. நம் வகுப்பு மாணவர்களிற் பெரும்பாலோர் சேலத்தைச் சுற்றிய ஊர்களிலிருந்தும், திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். விசைத்தறி, லாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை, சேகோ ஆலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றேனும் அவர்கள் வீட்டோடு தொடர்புடையதாக இருக்கும். இயந்திரத்தைக் கண்டு வாய்பிளக்கும் மக்கள் அல்லர் இவர்கள். இயந்திரத்தோடு உண்டு உறங்கி வாழ்பவர்கள். ‘எந்திரன்’ குறித்து இவர்கள் சொன்னவை வெறும் வியப்புரைகளாக இருக்க வாய்ப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். படத்திற்கு முதலில் வழங்கிய பெயர் ‘ரோபோ’. தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழக அரசு 2006இல் அறிவித்த பின்னர் பெயர்கள் பலவும் தமிழாயின. இதுவும் ‘எந்திரன்’ ஆயிற்று. வரிக்காக வந்த பெயர் என்று பலர் நகைத்தனர். ஆனால் தமிழிலக்கணம் பயின்றோர் சற்றே நின்று நோக்க வேண்டிய சொல் அது. எந்திரம் அஃறிணை. அதன் ஈற்றில் ‘அன்’ விகுதி சேர்ந்தவுடன் அது உயர்திணை ஆண்பால் ஆகிவிடுகிறது. மக்களையே உயர்திணை என வரையறுக்கிறது தொல்காப்பியம். அந்த வரம்பினுள் ஓர் இயந்திரத்தை ஒரே விகுதியால் நுழைத்துவிட்ட தலைப்பு இது. தெலுங்கில் ‘ரோபோ’ என்றும் இந்தியில் ‘ரோபோட்’ என்றும் வெளியான அதே படத்திற்கு இவ்வாய்ப்பு அமையவில்லை.

இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம் எனில், பார்வையாளர் கருத்து பிளவுண்ட இடமும் இதுவே. படத்தைப் பற்றிப் பேசியவர்களின் வாயில் சிட்டி என்னும் பாத்திரம் சில நேரம் ‘அது’வாகவும் சில நேரம் ‘அவன்’ ஆகவும் வந்ததை நாம் தொடர்ந்து கவனித்தோம். கதையின் தொடக்கத்தைச் சொல்லும்போது, “அது எல்லாப் புத்தகத்தையும் ஒரு நொடியில படிச்சிரும்” என்பார்கள். இடிமின்னலோடு சிட்டிக்கு உணர்ச்சி பிறக்கும் இடத்தைக் கடந்ததும் அவர்களை அறியாமலே, “அவன் அந்தப் புள்ளைய விரும்ப ஆரம்பிச்சிட்டான்” என்று சொல் மாறும். ராணுவத் தேர்வின்போது சிட்டி காதல் பேச, அறிவியலாளர் வசீகரன் அவனைக் கோடரியால் வெட்டிக் குப்பையில் எறியச் செய்யும் கட்டத்தில் எவரும் ‘அது’ என்று சொல்லி நாம் கேட்டதில்லை. பேராசிரியர் போரா சிவப்புச் சில்லைப் பொருத்திய பிற்பகுதியில் மீண்டும் குழப்பம். சிலருக்கு அவன் ‘அது’. சிலருக்கோ முன்னிலும் அழுத்தமான ‘அவன்’. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்கலாம் என்று நன்னூல் இசைவு தருகிறது. நம் உழவர் தம் காளையை ‘அவன்’ என்பதும், தாய் தன் குழந்தையை ‘அது’ என்பதும் இவ்வகையினவே. வகுப்பில் எத்துணை எடுத்துக்காட்டுகள் சொல்லியும் மாணவர் மனத்தில் ஏறாத திணைவழுவமைதியை அந்த ஆண்டு சிட்டி எளிதில் ஏற்றிவிட்டான் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறோம்.

இனி, இவ்வூர்க் கண்களின் பழக்கத்திற்கு வருவோம். சேலத்தில் 1930களின் நடுப்பகுதியில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டில் துணி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் துணித்தொழிற் கல்வி பயின்றவர். ஏற்காடு சாலையில் அவர் நடத்திய படப்பிடிப்பு நிலையம் ஓர் ஆலையைப் போலவே நேரங்காத்து இயங்கியது என்பர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் இந்நிறுவனத்தின் தயாரிப்பு. முதல் முழுநீளத் தமிழ் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இதன் தயாரிப்பு. நம் பொருளுக்கு இவற்றினும் முதன்மையானது 1940இல் வெளியான ‘உத்தம புத்திரன்’. பி.யு. சின்னப்பா நல்லவனாகவும் கொடியவனாகவும் இரு வேடம் புனைந்த படம் அது. பின்னர் 1950இல் ‘திகம்பர சாமியா’ரில் எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். ஒரே முகம் இருவராகப் பிரிந்து ஒருவரையொருவர் எதிர்ப்பதைக் கண்டு களிக்கும் கலையைத் தமிழ்ப் பார்வையாளருக்குக் கற்பித்ததில் சேலத்தின் பங்கு சிறிதன்று.

‘எந்திர’னில் ரஜினிகாந்த் படைத்தவனாகவும் படைக்கப்பட்டவனாகவும், பின்னர் நல்ல சிட்டியாகவும் தீய சிட்டியாகவும் வருவதை இந்த மரபின் தொடர்ச்சியாகவே இங்குள்ளோர் கண்டனர். முதியவர் ஒருவர் நம்மிடம், “சின்னப்பா பண்ணுனதுதானுங்க, இப்ப இரும்புல பண்ணியிருக்கறாங்க” என்றார். ஹாலிவுட் படங்களோடு ஒப்பிட்டு எழுதப்பட்ட விமரிசனங்கள் பலவற்றினும் இவ்வொரு தொடர் படத்தின் கட்டமைப்பைத் தெளிவாகப் பிடித்துவிட்டது என்பது நம் எண்ணம். ஆட்டைப்போல் கத்தி வசீகரனைத் தேடும் தீய சிட்டிக்கு எழுந்த கைதட்டல், ‘மூன்று முடிச்சு’, ‘16 வயதினிலே’ காலத்து ரஜினிகாந்தை மீண்டும் கண்ட மகிழ்ச்சி என்பதையும் மூத்தோரே சொன்னார்கள்.

அறிவியல் கற்பனையும் சேலத்திற்குப் புதிதன்று. 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கரோடு கூட்டாகத் தயாரித்த ‘தி ஜங்கிள்’ தமிழில் ‘காடு’ என வந்தது. வில்லியம் பெர்க் இயக்கினார். ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோர் நடித்தனர். அழிந்துபோன பேருரோம யானைகள் இந்தியக் காட்டில் உயிரோடு உலவுவதாகக் கதை. நம் யானைகளுக்கே மயிர்ப்போர்வை சாத்தி அவற்றைப் படைத்தனர். கணினி வரைகலைக்குத் தாத்தா அந்தப் போர்வைதான். 1963இல் வந்த ‘கலை அரசி’யிலோ வேற்றுக்கோளிலிருந்து வருபவன் பானுமதியைத் தூக்கிச் செல்கிறான், காரணம், அவர்கள் உலகிற்குப் பாட்டு வேண்டுமாம்!

இலக்கியத்தில் இதற்கும் நெடுங்காலம் பின்னே செல்லலாம். ‘பெருங்கதை’யில் உதயணனைச் சிறைப்பிடிப்பது வீரரை உள்ளே மறைத்த பொய்யானை. ‘சீவக சிந்தாமணி’யில் கருவுற்ற அரசி விசயை தப்பிச் செல்வது மயிற்பொறியில். ‘சிலப்பதிகார’த்து மதுரையின் மதிலில் தாமே எய்யும் வில்லும் குரங்குருவப் பொறியும் நிற்கின்றன. ஐங்குறுநூற்றில் கரும்பு ஆட்டும் எந்திரம் களிற்றுக்கு எதிராக முழங்குகிறது. பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கரும்பு ஆலைக்கொட்டகை அருகே நின்றவர்க்கு அவ்வுவமை புரியும். எனினும் இப்பொறிகளுள் எதுவும் உணர்ச்சி கொண்டதில்லை. ஏவியதைச் செய்தன, அவ்வளவே. ஏவலை மறுத்து, எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கும் பொறி நமக்கு மேற்கிலிருந்து வந்தது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளிலேயே ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வீடுகளுக்குள் நடமாடவிட்டு அதற்கு வழியமைத்தது. ‘எந்திர’னின் எழுத்திலும் அவர் பங்குண்டு, படம் வருமுன்பே, 2008 பிப்ரவரியில் மறைந்தார்.

‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பை இங்கே நினைவுகூர வேண்டும். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில் அது முதன்முதல் வழங்கியது. செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் பண்ணையாருக்குக் கட்டாயமாகச் செய்து தீர வேண்டிய உழைப்பு; நம் மொழியில் வெட்டிவேலை, கொத்தடிமை வேலை. அந்நாடகத்தின் இறுதியில் இரு ரோபோக்கள் ஒன்றையொன்று நேசிக்கின்றன. இச்செய்தியை நாம் வகுப்பில் சொன்னபோது, தறித்தொழில் நடக்கும் ஊரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து சொன்னதை அன்றே குறித்துவைத்தோம்: “அய்யா, சிட்டி சோறு கேக்கல, கூலி கேக்கல. ஒரு பொண்ண விரும்புனான். அதுக்குத்தான் வெட்டுனாங்க. எங்க ஊர்லயும் தறி ஓட்டறவன் வாயத் தெறந்து கேக்கறப்பத்தான் பிரச்சினையே வருதுங்க.”

குமாரபாளையம், பள்ளிபாளையம் வட்டாரத்தை அறிந்தவர்க்கு இக்கூற்றின் எடை விளங்கும். முன்பணம் வாங்கிய தறித்தொழிலாளி, அது தீரும்வரை அப்பட்டறையை விட்டு அகல முடியாத நிலையைக் குறித்து ஆய்வுகள் பல வந்துள்ளன. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் அப்பழக்கம் அற்றுப்போகவில்லை. வசீகரனுக்கும் சிட்டிக்கும் உள்ள உறவைத் தந்தை மகன் உறவாக விமரிசகர் கண்டனர். முதலாளிக்கும் முன்பணக்காரனுக்கும் உள்ள உறவாக இம்மாணவர் கண்டார். மறுப்பும் உடனே எழுந்தது. சொந்தமாகத் தறி வைத்திருந்த குடும்பத்து மாணவர், “பொருள் கெட்டா வெட்டத்தாங்க வேணும்” என்றார். அன்று இலக்கண வகுப்பு நடைபெறவில்லை.

பெண்கள் பேசியது வேறொரு காட்சியை. தீப்பற்றிய கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி ஆடையின்றித் தூக்கிவந்து கூட்டத்தின் நடுவே நிறுத்துகிறான். அவள் வெட்கித் தெருவில் ஓடி வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். உயிரினும் நாணம் பெரிதென நம் இலக்கியம் பேசியதைப் படம் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது என நாம் கருதியிருந்தோம். மாணவியரோ, சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவரேனும் ஒரு துண்டை எறிந்திருக்கலாமே என்றனர். இயந்திரத்திற்கு அறிவில்லை என்று கதை சொன்ன இடத்தில் மனிதர்க்கு அறிவில்லை என்று அவர்கள் கண்டனர். நமக்கு அக்காட்சியைப் பற்றி இதனினும் மேலாகச் சொல்ல ஒன்றுமில்லை.

குறைகளையும் மக்கள் மறைக்கவில்லை. இறுதியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒட்டிக்கொண்டு பந்தாகவும் பாம்பாகவும் உருமாறுவது வரவர அலுக்கிறது என்றனர். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்கள், அத்தனை எடையைத் தாங்கும் இணைப்பு எது என்று கேட்டார்கள். கொசுவோடு பேசும் பகுதி குழந்தைகளுக்கு மட்டும் என்று தீர்ப்பாயிற்று. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டும் பேச்சில் புகாமலில்லை. சிட்டி நம்மூருக்கு வந்தால் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் திண்ணையில் கிடப்பான் என்ற நகைச்சுவையை அந்நாளில் பலமுறை கேட்டோம்.

2018 நவம்பர் 29 அன்று ‘2.0’ வெளியானது. சிட்டியை மீண்டும் பூட்டி எழுப்பி, கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிவதைப் பொறாது உயிர்விட்ட பட்சிராஜனை எதிர்க்கச் செய்தனர். கணினி வரைகலை முன்னதினும் பன்மடங்கு. ஆயினும் முன்போலக் கூடிப் பேசும் பேச்சு எழவில்லை. நம்மிடம் பேசியவர்கள் பலரும் பட்சிராஜன் பக்கமே நின்றனர். “சிட்டி இப்ப அவங்க ஆளாயிட்டான்” என்றார் ஒருவர். ‘அவன்’ அப்போதும் ‘அவன்’தான், ஆனால் அச்சொல்லில் பழைய உவப்பு இல்லை.