விழித்திருந்த காது

1928 மே 25-ஆம் தேதி, ஜெனரல் நொபிலேயின் ‘இத்தாலியா’ ஆகாயக் கப்பல், வட துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனிப்பரப்பில் மோதிச் சிதைந்தது. பிழைத்தவர்களில் ஒருவரான பியாஜி, ஒரு சிறிய சிற்றலை டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு ஓயாமல் அபயச் செய்தி அனுப்பினார். ஸ்பிட்ஸ்பெர்கனில் நின்ற அவர்களுடைய துணைக் கப்பலின் காதில் அது விழவில்லை. ஒன்பது நாள் கழித்து, ரஷ்யக் கிராமம் ஒன்றில், தன் கையால் செய்த ரிஸீவரில் அதைப் பிடித்தார் நிக்கோலாய் ஷ்மிட் என்ற வாலிபர். பயணம் சென்ற 16 பேரில் 8 பேர் உயிருடன் மீண்டார்கள்.

அமெச்சூர் ரேடியோ வாங்கப் போனபோது எனக்கு நினைவு வந்தவர் இந்த ஷ்மிட்தான். இன்று கடையில் இரண்டு வகை உண்டு. பழைய மாதிரியில், வேண்டிய குரலைப் பிரித்தெடுப்பது காயில், கிரிஸ்டல் முதலிய உறுப்புகளின் வேலை. குமிழைத் திருகித் தேடுவது நம் வேலை. புதிய மாதிரி அலைகளை எண்களாக்கிக் கம்ப்யூட்டர் புரோகிராமிடம் ஒப்படைத்துவிடுகிறது. எங்கெங்கே பேச்சு நடக்கிறது என்பதைத் திரையில் ஒரே பார்வையில் காணலாம். கெட்டிக்காரப் பெட்டி அதுதான், சந்தேகமில்லை.

ஆனாலும் நான் பழையதையே வாங்கினேன். இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய குரலைப் பொறுக்கி எடுக்க என் காது அல்லவா பழக வேண்டும்?

சிற்றலை அருகில் இருப்பவர்களைத் தாண்டிக் குதித்துத் தொலைவில் போய் இறங்கும் என்பார்கள். இருக்கலாம். இறங்கிய இடத்தில் ஒருவன் விழித்திருக்க வேண்டாமா?