கெம்மண்டைன் அடக்கப் பதிவேடு

ரங்கூன் மாநகரின் மேற்கு ஓரத்தில், ஹ்லைங் நதிக்கரையில், அரிசி ஆலைகளும் மர அறுவை ஆலைகளும் நிறைந்து விளங்கிய க்யிம்யிண்டைங் என்னும் பேட்டையை ஆங்கிலேயர் தங்கள் நாவுக்கு இசைந்தவாறு கெம்மண்டைன் என்று எழுதி வந்தனராதலின், அங்கே மாண்ட முன்னோரைத் தேடுவோர் பழைய ஏடுகளில் அப்பெயரின் கீழேயே தேடவேண்டும். அவ்வூரோடு நம்மவர்க்கு உள்ள சம்பந்தம் நெடுநாளையது. 1824 டிசம்பரில் மகா பந்துலா என்னும் பர்மியத் தளபதி பெரும்படையுடன் வந்து வளைத்துக்கொண்டபோது, மேஜர் யேட்ஸ் என்பவர் தலைமையில் கெம்மண்டைன் அரணைக் காத்து நின்றவர்களில், சென்னைச் சுதேசக் காலாட்படையின் 26-ஆவது ரெஜிமெண்டுச் சிப்பாய்களும் இருந்தனர். ரங்கூன் 1852-இல் ஆங்கிலேயர் வசமாகி, 1877-இல் புரோம் நகர் வரை இவ்வூர் வழியே இருப்புப்பாதை ஓடத் தொடங்கிய பின்னர், ஆலைக்கும் ரயிலுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டியிருந்தமையால், தமிழ்நாட்டிலிருந்து சாரி சாரியாகப் பலர் அங்கே குடியேறினர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அத்தகைய குடும்பங்களில் எழும் ஒரு வினாவாகும். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றை உதாரணத்துக்காக எண்ணிக்கொள்வோம். பாட்டனார் கப்பலேறினார்; சில வருஷங்கள் மணியார்டரும் கடிதமும் ஒழுங்காக வந்தன; பின்பு நின்றுபோயின. அவர் பேதி கண்டு இறந்தார் என்பது மூத்த மகன் வழியினரின் சாதிப்பு. இறக்கவுமில்லை, ஒன்றுமில்லை, அங்கேயே ஒருத்தியை மணந்துகொண்டு தங்கிவிட்டார் என்பது இளையவர் வழியினரின் முணுமுணுப்பு. இரண்டையும் கேட்டு வளர்ந்த பேரன், பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தன் பாட்டனாரைக் காலஞ்சென்றவர் என்று எந்த ஆதாரத்தின்மேல் எழுதினார்கள் என்று ஒருநாள் கேட்கத் தொடங்குகிறான்.

இவ்வழக்கில் அழைக்கத்தக்க முதற்சாட்சி அடக்கப் பதிவேடே. இறந்த தேதி, அடக்கம் செய்த தேதி, பெயர், வயது, தொழில், மரண காரணம், அடக்கம் செய்த இடம், ஆராதனை நடத்திய குருவானவரின் கையொப்பம் என்று ஆங்கிலச் சபையார் அதில் கட்டம் கட்டமாக எழுதி வைத்தனர். பெயரைக் கண்ட மாத்திரத்தில் ஆனந்தம் கொள்ளும் அவசரக்காரர் ஏமாறுவது இங்கேதான். தமிழ்க் கிறிஸ்தவர்களுட் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லாமையால், அதற்கென விடப்பட்ட இடத்தைத் தகப்பன் பெயரைக்கொண்டு நிரப்புவதும், வெறுமையாக விடுவதும், எழுதுகிறவர் வெள்ளைக்காரராயின் காதில் விழுந்ததை எழுதிவைப்பதும் நேரும். ஞானமுத்து, தேவசகாயம் போன்ற பெயர்களோ ஒரே சபையில் நால்வர்க்கு இருக்கும். வயதையும் நம்புவதற்கில்லை. உஷ்ணப் பிரதேசங்களில் இறந்த அன்றோ மறுநாளோ அடக்கம் முடிந்துவிடுமாகையால், கடலுக்கு இப்பால் இருக்கும் மனைவி மக்களைக் கேட்க அவகாசமின்றி, உடன் தங்கியிருந்தவர் உத்தேசமாகச் சொன்னதே ஏட்டில் ஏறும். முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழு எண்கள் மிகுந்திருப்பதன் காரணம் இதுவே.

பெயரும் வயதும் கைவிட்ட இடத்தில் தொழில் கைகொடுக்கும். இறந்தவர் ரயில்வே பயர்மனா, மில் குமாஸ்தாவா, துரை வீட்டுச் சமையற்காரரா என்பதை, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கடித உறையின் விலாசத்தோடு ஒத்துப் பார்க்கவேண்டும். கையொப்பமும் பேசும். நகரத்து ஆலயத்துச் சாப்ளின் கையொப்பமிட்டாரா, மிஷன் குருவானவர் இட்டாரா என்பதைக்கொண்டு இறந்தவர் எந்தச் சபையோடு ஒட்டியிருந்தார் என்று ஊகிக்கலாம். ஊகித்தால், அச்சபையின் விவாக ஏட்டையும் ஞானஸ்நான ஏட்டையும் புரட்டி, இளையவர் வழியினரின் முணுமுணுப்பையும் பரிசோதித்துவிடலாம்.

இன்னும் ஒன்று. தேடிய வரியை மாத்திரம் பிரதி செய்துகொண்டு ஏட்டை மூடிவிடலாகாது. அதன் மேலும் கீழும் உள்ள வரிகளைப் படிக்கவேண்டும். ரங்கூனில் 1905-இல் பிளேக் புகுந்தது. 1918-இல் இன்புளுவென்சா என்னும் விஷஜுரம் உலகெங்கும் போல அங்கும் பரவியது. 1930 மே 5-ஆம் தேதி பெகுவை அழித்த பூகம்பம் ரங்கூனையும் குலுக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி துறைமுகத் தொழிலாளர் விஷயமாய் மூண்ட கலகத்தில் இந்தியர் பலர் கொல்லப்பட்டனர். ஒரு வாரத்தில் நாலைந்து பேர் அடங்கும் ஏட்டில் திடீரென்று ஒரு பக்கம் முழுவதும் இரண்டு நாளில் நிரம்பியிருக்குமாயின், மரண காரணக் கட்டம் வெறுமையாயிருந்தாலும் காரணம் விளங்கிவிடும்.

இவ்வளவு பாடுபடுவானேன், கல்லறைக்கே சென்று பார்க்கலாகாதா என்று கேட்பவர்க்கு விடை இதுதான். க்யிம்யிண்டைங்கிற்கு அண்மையிலிருந்த கியாண்டோ கல்லறைத் தோட்டம் 1990-களில் அகற்றப்பட்டுவிட்டது. நம் சென்னையில் மாத்திரம் என்ன வாழ்கிறது? கோட்டைக்குள் செயின்ட் மேரி ஆலயத்தைச் சுற்றித் தளவரிசையாய்ப் பதிந்திருக்கும் பழைய கல்லறைக் கற்களின் கீழே அவற்றுக்குரியவர்கள் இல்லை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர் பழைய இடுகாட்டுச் சமாதிகளை மறைவிடமாகக் கொண்டு சுட்டமையால், பின்னர் அவற்றை இடித்துக் கற்களை மட்டும் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். எலும்புகள் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தின் பக்கமே தங்கிவிட்டன. டில்லியின் கடைசி மொகலாய மன்னர் பகதூர் ஷா ரங்கூனில் 1862 நவம்பர் 7-ஆம் தேதி இறந்தார் என்று காவலதிகாரி எழுதிவைத்த காகிதமோ நிலைத்தது. புல் மூடிய அவரது புதைகுழி 1991-இல் மண் வெட்டும்போதுதான் வெளிப்பட்டது.

ஆலயங்களிலிருந்து இப்பதிவுகளின் பிரதிகள் கல்கத்தாவுக்கும், அங்கிருந்து லண்டன் இந்தியா ஆபீசுக்கும் அனுப்பப்பட்டன. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவினின்று பிரியும்வரை ரங்கூன் அடக்கங்கள் வங்காள வரிசையில் கிடக்கின்றன. ஆனால் அப்பிரதிகளில் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் நிறைந்திருப்பது போல நம்மவர் நிறைந்திருக்கவில்லை. தமிழரைத் தேடுவோர்க்கு மிஷன் சபைகளின் மூல ஏடுகளே கதி. பாட்டனார் 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசும்வரை உயிரோடிருந்தாராயின், அவையும் கைவிட்டுவிடும். அதன்பின் தாமு வழியாகவும் டாங்கப் கணவாய் வழியாகவும் இந்தியாவை நோக்கி லக்ஷக்கணக்கானோர் நடந்து வந்த அப்பாதைகளில் விழுந்தவர்களுட் பெரும்பாலோர்க்கு அடக்கம் செய்ய ஆளில்லை; எழுத ஏடும் இல்லை.

ஆகையால் ரங்கூனுக்குக் கடிதம் எழுதுமுன், சொந்த ஊர்ச் சேகரத்தின் அடக்கப் பதிவேட்டில் பாட்டியாரின் வரியைப் பார்த்துவிடுவது உத்தமம். பலரும் இதைத் தலைகீழாகவே செய்கின்றனர். அங்கே அவர் இன்னாரின் மனைவி என்று எழுதப்பட்டிருக்கிறாரா, விதவை என்றா? விதவை என்றிருந்தால் அது பாட்டனார் இறந்ததை நிரூபிக்காது; ஊரும் குடும்பமும் எந்த வருஷத்துக்குள் அவரை இறந்தவராகக் கொண்டுவிட்டன என்பதை நிரூபிக்கும். கெம்மண்டைன் ஏட்டில் எத்தனை வருஷத்துப் பக்கங்களைப் புரட்டவேண்டும் என்பது அதைக்கொண்டு குறுகிவிடும்.