அப்பலூசா: புள்ளி பிழைத்தது, குதிரை?

வெள்ளை உடம்பில் மையைத் தெளித்த மாதிரி கரும்புள்ளிகள். அப்பலூசா என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தக் குதிரைதான். அமெரிக்காவின் வடமேற்கில், இன்றைய ஐடஹோ, ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் வாழும் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களோடு பிணைந்த இனம் இது. அங்கே ஓடும் பலூஸ் ஆற்றின் பெயர்தான் திரிந்து அப்பலூசா ஆனது.

நெஸ் பெர்ஸ் மக்கள் புள்ளிக்காகவே இந்தக் குதிரையை உருவாக்கினார்கள்னு ஒரு கதை பரவலாக இருக்கு. ஆதாரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நிற்காது.

முதலில், புள்ளியை எந்த மனிதரும் உருவாக்கவில்லை. பிரான்ஸின் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முந்தைய புள்ளிக் குதிரை ஓவியங்கள் இருக்கின்றன. அது ஓவியனின் கற்பனை என்று சிலர் நினைத்தார்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பழங்கால எலும்பு, பற்களில் இருந்து 31 குதிரைகளின் மரபணுவைப் பரிசோதித்தது. அதில் 6 குதிரைகளிடம் புள்ளிக்கான மரபணு மாற்றம் இருந்தது. ஆக, மனிதன் குதிரையைப் பழக்குவதற்கு முன்பே புள்ளி வந்துவிட்டது.

அடுத்தது, லூயிஸ் - கிளார்க் பயணத்தின் மெரிவெதர் லூயிஸ் 1806 பிப்ரவரியில் எழுதிய நாட்குறிப்பு. அந்தப் பகுதிக் குதிரைகளை உயர்ந்த சாதி என்று புகழ்கிறார். சிலவற்றில் பெரிய வெள்ளைத் திட்டுகள் உண்டு என்கிறார். கூடவே, பெரும்பாலானவை ஒரே நிறம்தான் என்றும் எழுதுகிறார். அதாவது அவர் வியந்தது நிறத்தை அல்ல, குதிரையை.

அந்தத் தரம் எப்படி வந்தது? நெஸ் பெர்ஸ் மக்கள் தரம் குறைந்த ஆண் குதிரைகளைக் காயடித்துவிடுவார்கள். அவர்கள் காயடிக்கும் முறை தங்கள் முறையைவிட மேலானது என்று லூயிஸே ஒப்புக்கொள்கிறார். எது இனம் பெருக்கலாம், எது கூடாது என்று தலைமுறை தலைமுறையாக எடுத்த முடிவுகள்தான் அந்தக் குதிரை.

அதன் வலிமை 1877-இல் தெரிந்தது. 1863 ஒப்பந்தம் நெஸ் பெர்ஸ் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைப் பறித்திருந்தது. அதை ஏற்காத குழுக்களை ராணுவம் விரட்டியபோது, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் உட்பட சுமார் 750 பேர் குதிரைகளோடு கிளம்பினார்கள். மலைகளைக் கடந்து சுமார் 1,900 கிலோமீட்டர். கனடா எல்லைக்கு 65 கிலோமீட்டர் இருக்கும்போது, அக்டோபர் 5 அன்று தலைவர் ஜோசப் சரணடைந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் ராணுவத்தின் கைக்குப் போயின. மக்கள் தெற்கே நாடு கடத்தப்பட்டார்கள். 1885-இல் வடக்கே திரும்ப அனுமதி கிடைத்தும், ஜோசப் தன் சொந்தப் பள்ளத்தாக்கில் குடியேற முடியாமலே 1904-இல் இறந்தார். முடிவெடுக்கும் கைகள் போய்விட்டன; குதிரைகள் சிதறின.

1937-இல் பிரான்சிஸ் ஹெய்ன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு பத்திரிகையில் எழுதிய கட்டுரை மீண்டும் ஆர்வத்தைக் கிளப்பியது. 1938-இல் ஆரிகனைச் சேர்ந்த கிளாட் தாம்சன் அப்பலூசா குதிரைச் சங்கத்தைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த மந்தையில் அப்பலூசா எது என்று எப்படி அடையாளம் காண்பது? கண்ணுக்குத் தெரிவது புள்ளி, குளம்பில் கோடுகள், கண்ணைச் சுற்றி வெள்ளை விளிம்பு. அவையே இலக்கணம் ஆயின. உடம்பைத் தேற்ற குவார்ட்டர், தரோபிரெட், அரேபியக் குதிரைகளோடு கலந்தார்கள்.

இங்கேதான் மரபணு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புள்ளிக்குக் காரணம் டிஆர்பிஎம்1 என்ற மரபணுவில் நுழைந்துவிட்ட 1,378 எழுத்து நீளமுள்ள ஒரு பழைய வைரஸ் துண்டு. ஒரு பிரதி இருந்தால், வடிவத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு மரபணுவின் துணையோடு, அந்த அழகான சிறுத்தைப் புள்ளி வரும். இரண்டு பிரதி வந்தால் புள்ளியே அரிதாகி உடம்பு கிட்டத்தட்ட முழு வெள்ளை. கூடவே பிறவி மாலைக்கண். அதே மரபணுதான் மங்கிய ஒளியில் விழித்திரை அனுப்பும் செய்திக்கும் தேவை.

இப்போது ஒரு பிரதி உள்ள இரண்டு குதிரைகளைச் சேர்த்துப் பாருங்கள். சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்குப் புள்ளி வராது, இரண்டுக்கு ஒரு பிரதி, மீதி ஒன்றுக்கு இரவில் பார்வை இருக்காது. எத்தனை தலைமுறை முயன்றாலும் இந்த விகிதம் மாறாது. ஆனால் இரண்டு பிரதி உள்ள குதிரையைச் சாதாரணக் குதிரையோடு சேர்த்தால் எல்லாக் குட்டிக்கும் ஒரு பிரதி உறுதி. அதனால் மாலைக்கண் உள்ள குதிரைக்கு இனப்பெருக்கச் சந்தையில் மதிப்பு! புள்ளியை மட்டும் இலக்காக வைத்தால் இங்கேதான் போய் நிற்போம்.

1995-இல் நெஸ் பெர்ஸ் மக்களே ஐடஹோவின் லாப்வாயில் ஒரு குதிரைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அப்பலூசாவைத் துர்க்மெனிஸ்தானின் அகல்டெகே குதிரையோடு கலந்தார்கள். அகல்டெகே புள்ளிக்குப் பேர் போனது அல்ல. நெடுந்தூரம் தாங்கும் உடம்புக்குப் பேர் போனது. புள்ளி 25,000 வருஷம் யார் தயவும் இல்லாமல் பிழைத்திருக்கிறது, இனியும் பிழைக்கும். எந்தக் குதிரை வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமைதான் 1877-இல் பறிபோனது. லாப்வாயில் அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டது அதைத்தான்.