சிறு குதிரைக்குச் சேணம்

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் இயங்கிய பிரேயர் என்னும் பிளாஸ்டிக் வார்ப்பு நிறுவனம் 1950ஆம் ஆண்டில் ஒரு குதிரையை வார்த்தது. அது விளையாட்டுக்கென்று பிறந்ததன்று. மேசைக் கடிகாரமொன்றுக்கு அணியாய் அமைந்தது. மக்களோ குதிரையையே பெரிதும் விரும்பினர். ஆதலின் அது தனியே விற்பனைக்கு வந்தது. கழற்றி மாட்டத்தக்க பிளாஸ்டிக் சேணமும் அதற்கு இருந்தது.

பின்வந்த குதிரைகள் பலவும் வெறும் முதுகோடு வந்தன. அக்குறையே ஒரு கைவினையை வளர்த்தது எனலாம். பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே சேணம், கடிவாளம், அங்கவடி ஆகியவற்றைத் தோலில் செய்யத் தலைப்பட்டனர்.

பிரேயரின் பெரிய வகைக் குதிரை, மெய்க்குதிரையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஓர் அங்குல வார் இங்கே மூன்று மில்லிமீட்டரை எட்டாது. அகலத்தைக் குறைப்பது எளிது; தோலின் தடிப்போ தானே குறையாது! அடிப்புறத்தைக் கத்தியால் சீவிச் சீவி மெலிதாக்க வேண்டும். சற்றே மிகுந்தால் வார் அறுந்துபோம்.

அஞ்சலில் புகைப்படம் அனுப்பும் போட்டிகளும், பின்னர் நேர்முகப் போட்டிகளும் தோன்றின. 1990இல் கென்டக்கியில் பிரேயர் விழாவும் தொடங்கியது. நடுவர்கள் அழகை மட்டும் நோக்குவதில்லை; வயிற்றுவார் முன்னங்காலுக்குப் பின்னே உரிய இடத்தில் உள்ளதா, கடிவாள இரும்பு வாயில் பொருந்துகிறதா என்றும் ஆராய்வர். குதிரையேறி அறியாத சிறுமியும் இதனால் குதிரையின் உடலமைப்பைக் கற்க நேர்ந்தது. பொம்மையின் வாய் திறவாதாகையால், இரும்பை மெழுகால் ஒட்டுவதும் உண்டு.