அறுபது டிகிரி தாத்தா

போட்டோஷாப்பில் ஃபில்டர், பிக்ஸலேட், கலர் ஹாஃப்டோன் என்று மூன்று சொடுக்கு. போட்டோ அந்தக் காலத்துப் பத்திரிகைப் படம் போலப் புள்ளி புள்ளியாகிவிடும்.

சொடுக்குமுன் அங்கே 108, 162, 90, 45 என்று நான்கு கோணங்கள் நிற்கும், கவனித்திருக்கிறீர்களா? அச்சு மையில் சாம்பல் நிறம் கிடையாது. பெரிய புள்ளி இருட்டு, சின்னப் புள்ளி வெளிச்சம் என்று கண்ணை ஏமாற்றுவதுதான் ஹாஃப்டோன். நான்கு நிறங்களின் புள்ளி வரிசைகள் கோணத்தில் சரியாக விலகி நிற்காவிட்டால் படம் முழுக்க அலையலையாகக் கோலம் விழும்.

இந்தப் புள்ளிக் கணக்கோடு மல்லுக்கட்டியவர் கல்கத்தாவின் உபேந்திர கிஷோர் ராய் சௌத்ரி (1863-1915). சத்யஜித் ராயின் தாத்தா. சிறுவர் ராமாயணத்துக்கு அவர் வரைந்த படங்களை மர பிளாக்கில் வெட்டிக் கெடுத்துவிட்டார்கள். நொந்துபோனவர் இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து, புத்தகங்களைப் படித்துத் தானே தொழில் கற்றார். 1895ல் சொந்த பிளாக் தொழில். 1897ல் தொடங்கி லண்டனின் பென்ரோஸ் ஆண்டு மலரில் அவருடைய கட்டுரைகள் வந்தன. கோடுகள் செங்கோணத்துக்குப் பதில் அறுபது டிகிரியில் வெட்டிக்கொள்ளும் கண்ணாடி ஸ்கிரீன் பற்றியும் ஒன்று.

லண்டன்காரர்களுக்கே பாடம் எழுதியவர் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை. 1911ல் மகன் சுகுமார்தான் அச்சுக்கலை படிக்கக் கப்பலேறினார். 1913ல் 'சந்தேஷ்' என்று குழந்தைகளுக்கு ஒரு பத்திரிகை தொடங்கியவர், இரண்டே வருடத்தில் காலமானார்.

புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் மறைய வேண்டும் என்றுதான் மனிதர் அத்தனை பாடுபட்டார். அது பளிச்சென்று தெரிந்தால் அவருக்குத் தோல்வி. நமக்கோ அதுதான் 'ரெட்ரோ'!