ஐந்நூற்று இருபத்தெட்டாம் இலக்கம்

வட்டத்தின் சுற்றளவை அதன் விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே 'பை'. வண்டிச் சக்கரமாயினும் வான்கோளின் நடுவட்டமாயினும் இவ்விகிதம் மாறுவதில்லை. பள்ளியில் நாம் கற்ற 22/7 அதன் அண்ணளவு மட்டுமே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களை அமைத்து, பை 3 10/71க்கும் 3 1/7க்கும் இடைப்பட்டது என நிறுவினார். 1761இல் லாம்பர்ட், இவ்வெண்ணை எந்தப் பின்னமாகவும் எழுத இயலாது என மெய்ப்பித்தார். ஆகவே அதன் தசம இலக்கங்கள் முடிவதுமில்லை. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவதுமில்லை.

முடிவற்ற அப்பாதையில் தனியாக நெடுந்தொலைவு நடந்தவர் வில்லியம் ஷாங்க்ஸ். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில், ஹவுட்டன்-லெ-ஸ்பிரிங் என்னும் ஊரில் விடுதிப்பள்ளி நடத்திவந்தவர். 1706இல் ஜான் மேச்சின் கண்ட வழியையே அவர் பின்பற்றினார். ஐந்தில் ஒன்றை 25ஆல் மீண்டும் மீண்டும் வகுக்க வேண்டும். கிடைப்பவற்றை முறையே 1, 3, 5, 7 என்னும் ஒற்றைப்படை எண்களால் வகுத்து, மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் செல்ல வேண்டும். 239இல் ஒன்றை, 239இன் வர்க்கத்தால் வகுத்து அவ்வாறே செய்ய வேண்டும். முன்னதன் 16 மடங்கிலிருந்து பின்னதன் 4 மடங்கைக் கழித்தால் கிடைப்பது பை. முதல் தொடரில் மூன்று உறுப்புகளும் இரண்டாவதில் ஓர் உறுப்பும் எடுத்தாலே 3.1416 வந்துவிடும்.

சொல்வது எளிது. நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கு அதைக் கையால் செய்வதோ தவம். 1853இல் ஷாங்க்ஸ் 607 இலக்கங்களை நூலாக வெளியிட்டார். கணித அறிஞர் ரூதர்ஃபோர்டு 440 இலக்கங்கள் வரை சரிபார்த்தார். அந்த அடித்தளத்தின்மீதே கட்டி, 1873இல் 707 இலக்கங்களை அவர் எட்டினார். 1882இல் மறைந்தார். 1937இல் பாரிஸ் நகரின் அறிவியல் காட்சிமாளிகையில் அந்த 707 இலக்கங்களும் வட்ட அறை ஒன்றின் சுவரை அணிசெய்தன.

1944இல் ஃபெர்குசன் என்பவர் வேறொரு சூத்திரத்தால் கணிக்கத் தொடங்கினார். 528ஆம் இலக்கத்தில் இரு விடைகளும் பிரிந்தன. பிழை ஷாங்க்சுடையதே என்பதை அவர் 1946இல் அறிவித்தார். இறுதி 180 இலக்கங்களும் வீண்! 1949இல் பாரிஸ் சுவரும் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் 'எனியாக்' என்னும் கணிப்பொறி ஏறத்தாழ 70 மணி நேரத்தில் 2,037 இலக்கங்களைக் கணித்தது.

ஷாங்க்சின் உழைப்பு வீணா? அவர் கண்ட முதல் 527 இலக்கங்கள் இன்றும் உண்மை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை விஞ்சியவர் எவருமிலர். ஆனால் ஒன்று தெளிவு. தவறு அவர் கையில் பிறந்தது. அதை வளர்த்து நூலிலும் சுவரிலும் ஏற்றியது மற்றவர்களின் நம்பிக்கை. நன்மதிப்புப் பெற்றவர் சொன்னார் என்பதாலேயே நாம் சரிபாராமல் ஏற்பவை எத்தனை! சென்ற வழியிலேயே மீண்டும் செல்பவர் அதே குழியில் விழக்கூடும். மற்றொரு வழியே வந்தவர்தாம் ஷாங்க்சின் பிழையைக் கண்டார். உழைப்பவரை மதிப்போம், அம்மதிப்பின் பொருட்டே அவர் உழைப்பைச் சரிபார்க்கவும் செய்வோம்.